யார் வீட்டிலிருந்து வந்தது அம்மை

பிப்ரவரி 3, திங்கள்

அம்மா வீட்டில் படுக்கையிலேயே ஓய்வெடுத்துவிட்டுத் திரும்பி, இன்றுதான் பள்ளிக்கூடம் போனேன். எல்.கே.ஜி. பிள்ளைகள் பாதிப் பேர் என் காலைக் கட்டிக்கொண்டார்கள். மீதிப் பேர் என்னை மறந்தே போயிருந்தார்கள். வசந்த் மட்டும் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "மிஸ், உங்களுக்குத் தொப்ப வந்துட்டுது" என்றான். ஐந்தாம் மாதம். ஏழு வருஷம் காத்திருந்து வந்த தொப்பை. அவனிடம் ஆமாம் என்றேன்.

வீட்டில்தான் ஏதோ சரியில்லை. இவர் முன்னறையில் பாய் விரித்துக்கொள்கிறார். கேட்டால், நீ கையைக் காலை நீட்டித் தூங்கணும் என்கிறார். இத்தனை வருஷத்தில் இல்லாத அக்கறை. கல்யாணத்துக்குப் போனால்கூட சட்டைக் கையை மடித்துவிடுகிற மனுஷன், வீட்டுக்குள் முழுக்கை சட்டையும் பொத்தானுமாக உட்கார்ந்திருக்கிறார்.

நான் ஊரில் இல்லாத நாட்களில் என்ன நடந்தது?

பிப்ரவரி 5, புதன்

துணி ஊற வைக்கும்போது பார்த்தேன். அவர் சட்டையின் இடது கையில், உள்பக்கம், சிவப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு வேனில் சாயப்பட்டறைக்காரர் ஒருவருக்கு மூட்டை ஏற்றி இறக்கினேன், அதில் பட்டிருக்கும் என்றார். நான் பிறந்து வளர்ந்தது உத்திரமேரூர் என்றாலும் இந்த ஊருக்கு வந்து இத்தனை காலமாயிற்று. பட்டுக்குப் போடும் சாயம் துணியில் ஏறினால் ஏறியதுதான். இது தண்ணீரில் முக்கியதும் கரைந்து ஓடிவிட்டது.

குங்குமமா? யாருடைய குங்குமம்?

எழுதவே அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

விடியும் முன்பே கிளம்பிப் போனார். ஒரு வேலை என்றார். என்ன வேலை என்று சொல்லவில்லை. 

பிப்ரவரி 19, புதன்

கையில் இன்னும் சோப்பு வாசனை போகவில்லை.

மத்தியானம் பிள்ளைகளைப் படுக்க வைத்திருந்தேன். வசந்த் தூங்காமல் வயிற்றைச் சொறிந்துகொண்டே இருந்தான். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். சின்னச் சின்னக் கொப்புளம். உள்ளே தண்ணீர் கோத்து நிற்கிறது. உடம்பு லேசாகச் சுடுகிறது. அவனை ஆபீஸ் அறையில் தனியாக உட்கார வைத்துவிட்டுப் போய் கையை சோப்புப் போட்டுக் கழுவினேன். திரும்பத் திரும்பக் கழுவினேன்.

அம்மை. எனக்குச் சின்ன வயதில் வந்ததா இல்லையா என்றே தெரியாது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வந்தால் என்னவெல்லாம் ஆகும் என்று போனில் தேடிப் படித்து, பாதியில் மூடிவிட்டேன்.

அவன் அம்மா தீபிகா வந்தாள். பிள்ளையார்பாளையத்தில் வீட்டோடு தறி வைத்திருப்பவர்கள். கல்யாணச் சேலை ஒன்று தறியில் நிற்பதாகப் போன வாரம்தான் சொல்லியிருந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. வாசலில் நாலைந்து அம்மாக்கள் நிற்கும்போதே கேட்டேன். காலையில் காய்ச்சல் மருந்து கொடுத்துத்தானே அனுப்பினீர்கள், வேலை கெட்டுப் போகுமே என்று பிள்ளையை இங்கே தள்ளிவிட்டீர்களா என்று. இதே வார்த்தைகள்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "காலைல குளிப்பாட்டி நான்தாம்மா சட்ட போட்டேன். ஒண்ணுமே இல்ல மிஸ்" என்றாள்.

எல்லோரும் இதைத்தானே சொல்வார்கள்.

பிப்ரவரி 20, வியாழன்

கரஸ்பாண்டெண்ட் கைலாசம் சார் கூப்பிட்டு அனுப்பினார். அம்மை என்ற வார்த்தை பள்ளிக்கூடத்தில் யார் வாயிலிருந்தும் வரக்கூடாதாம். யாராவது கேட்டால் வேர்க்குரு என்று சொல்ல வேண்டுமாம். அட்மிஷன் நேரம். பிப்ரவரி மாதத்தில் என்ன வேர்க்குரு என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அம்மாவுக்குப் போன் போட்டேன். உனக்கு அம்மை வந்ததே இல்லை என்று அடித்துச் சொல்கிறாள். அக்காவோ, நம்ம ரெண்டு பேருக்கும் சேர்ந்துதானே வந்துது என்கிறாள். ஒருத்திக்கு ஞாபகமில்லை, அல்லது ஒருத்தி என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள். யார்?

மாசா மாசம் என்னைப் பார்க்கும் டாக்டரம்மா ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறார். உடம்பில் எதிர்ப்பு இருக்கிறதா என்று அதில் தெரியுமாம். இல்லையென்றால் உடனே ஒரு ஊசி.

பிப்ரவரி 21, வெள்ளி

இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு. இரண்டும் என் வகுப்பு. இருவருடைய அம்மாக்களும், நேற்றுவரை ஒன்றுமில்லை என்கிறார்கள்.

ஒவ்வொரு பிள்ளையையும் பார்க்கும்போது சட்டைக்குள் என்ன இருக்கிறது என்றுதான் யோசிக்கிறேன். ஒரு பெண்பிள்ளை மடியில் வந்து உட்காரப் பார்த்தது. கையால் தள்ளிவிட்டேன். அது அழவில்லை. ஆச்சரியமாகப் பார்த்தது.

பிப்ரவரி 22, சனி

பிள்ளையார்பாளையம் போனேன். அம்மை கண்ட வீடென்றால் வாசலில் வேப்பிலை செருகியிருப்பார்கள். இல்லையென்றால் மறைக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தத் தெருவில் யார் வீட்டிலாவது முன்பே வந்திருக்க வேண்டும், அதை எல்லோருமாகச் சேர்ந்து மூடிவிட்டார்கள் - இப்படித்தான் என் புத்தி போயிற்று.

தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் வேப்பிலை இருந்தது. தீபிகா வீடு. தறிச் சத்தம் கேட்கவில்லை. நான் எதிர்ச்சாரியில் நிற்பதைப் பார்த்து அவளே வெளியே வந்தாள். பக்கத்தில் வரவில்லை. அங்கேயே நின்று பேசினாள்.

"பாத்துட்டீங்களா மிஸ்? நான் ஒண்ணும் ஒளிச்சு வைக்கல. ஊருக்கே தெரியற மாதிரிதான் கட்டியிருக்கறேன். எங்க ஊட்ல யாருக்கும் இல்ல, தெருவுல யாருக்கும் இல்ல. என் புள்ள போற எடம் ரெண்டுதான். உங்க ஊட்டுக்காரர் வேன், உங்க கிளாஸு. அப்ப எங்கேந்து வந்துதுன்னு நீங்கதான் எனக்குச் சொல்லணும்."

 திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டே நடந்து வந்தேன். பாதி வழி வருவதற்குள் அந்த நினைப்பும் கரைந்துவிட்டது.

பிப்ரவரி 24, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். இல்லாவிட்டால் எனக்கே நம்ப முடியாது.

சாயங்காலம் ரிசல்ட் வந்தது. எனக்கு எதிர்ப்பு இருக்கிறது. சின்ன வயதில் வந்துதான் போயிருக்கிறது. அக்கா சொன்னதுதான் சரி. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே காகிதத்தை நீட்டினார். நான் நாற்காலியிலேயே அழுதேன்.

பேச்சுவாக்கில் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். மூன்று பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் கண்டிருக்கிறது என்றேன். அப்படியானால் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டியிருக்க முடியாது என்றார். ஒட்டிய பிறகு வெளியே தெரிய ரெண்டு மூணு வாரம் ஆகுமாம். ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் மூன்று பேரும் வாங்கியிருக்க வேண்டும். "மூணு பேரும் எங்கே ஒண்ணா இருப்பாங்க?" என்று கேட்டார்.

வகுப்பில் என்றேன். வகுப்பென்றால் மற்ற பிள்ளைகளுக்கு ஏன் வரவில்லை என்று திருப்பிக் கேட்டார்.

வேன். மூன்று பேரும் வேன் பிள்ளைகள்.

வேனில் வேறு யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருந்ததா என்றார். இல்லை என்றேன். பெரியவர்கள் யாருக்காவது? அம்மையே இல்லாவிட்டாலும், அக்கி மாதிரி?

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றச் சொன்னேன். இவர் முழித்தார். கழற்றுங்கள் என்று கத்தினேன். இடது தோளிலிருந்து முழங்கைக்குக் கீழே வரைக்கும் பட்டையாக, ஆறிய வடு. புதுத்தோல் ரோஸ் நிறத்தில் மினுங்குகிறது.

அக்கி. நான் அம்மா வீட்டில் இருந்தபோது வந்திருக்கிறது. நெருப்பை வாரிக் கொட்டினமாதிரி எரிந்ததாம். மண்பானை செய்யும் பெரியவரிடம் போய், கொப்புளத்தின் மேல் காவிமண் கரைத்துப் பூசி அக்கி எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை விடியலில் போனதும் அங்கேதான். சட்டையில் பட்டிருந்தது அந்தக் காவி.

"மாசமா இருக்கறவ கிட்டக்கப் போவாதேன்னு அந்தப் பெரியவர் சொன்னாரு. அதான் தள்ளிப் படுத்துக்கினேன். உங்கிட்டச் சொன்னா பயந்துக்குவே துர்கா. ஏற்கெனவே படுத்த படுக்கையா இருந்துட்டு வந்திருக்கறே."

குங்குமம் என்று நினைத்தேனே. இன்னொருத்தி என்று நினைத்தேனே. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அப்புறம்தான் கேட்டேன். நான் வருவதற்கு முன்னால், கொப்புளம் இருந்தபோது, என்ன சட்டை போட்டிருந்தீர்கள்?

அரைக்கை. துணி பட்டால் எரிந்ததாம். அந்தக் கையால்தான் ஒவ்வொரு பிள்ளையையும் தூக்கி வேனில் ஏற்றியிருக்கிறார்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். சின்ன வயதில் வந்த அம்மையின் கிருமி உடம்புக்குள்ளேயே தங்கிக் கிடந்து, பிறகு அக்கியாகக் கிளம்புமாம். அந்தக் கொப்புளத்து நீர் பட்டால், இதுவரை அம்மை காணாத பிள்ளைக்கு அம்மையாகவே வரும். இதனால்தான் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் இதற்கே வாய்ப்பு அதிகம் என்றார்.

இவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சூடு என்றுதான் நினைத்தேன், ஒட்டும் என்று யாரும் சொல்லலை என்றார். நம்புகிறேன். இந்த ஒன்றை நம்புகிறேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

குமரன்.

நேற்று முழுக்க அந்தப் பெயர் எனக்குத் தோன்றவே இல்லை. என்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐயம்பேட்டைப் பையன். யு.கே.ஜி. சிறுநீரகக் கோளாறு, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறான். அதனால் கன்னம் இரண்டும் உப்பி இருக்கும். சளி பிடித்தால்கூட அவனுக்கு ஆகாது என்று அவன் அம்மா அம்சவேணி வருஷ ஆரம்பத்திலேயே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். எல்.கே.ஜி.யில் ஏதோ உடம்புக்கு என்று கேள்விப்பட்டு, போன வாரம் ஆபீஸுக்குப் போன் செய்தாளாம். கைலாசம் சார்தான் எடுத்து, வெறும் வேர்க்குரு, அதுவும் யு.கே.ஜி.யில் யாருக்கும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். அவளும் நிம்மதியாக அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

வேனில் குமரன் எங்கே உட்காருவான் என்று இவரிடம் கேட்டேன். முன் சீட்டில். பக்கத்தில் யார்?

வசந்த்.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். ஒட்டிய பத்து நாளுக்குள் ஊசி போட்டால் பெரிய ஆபத்தைத் தடுக்கலாம், அந்த மாதிரிப் பிள்ளைக்கு ஒரு நாள்கூட வீணாக்கக் கூடாது என்றார். வசந்த் கடைசியாக வேனில் வந்தது போன புதன்.

சொல்லிவிடலாம் என்றேன் இவரிடம். வேன் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "சொன்னா வேன் போச்சு துர்கா. ஒரு புள்ள ஏறாது. கொழந்த வேற வரப்போவுது" என்றார்.

அதுவும் உண்மைதான்.

வசந்திடமிருந்து வந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னால் போதாதா? பக்கத்தில் உட்கார்ந்தான் என்று மட்டும்? அக்கியிலிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? மூன்று பேருக்குத் தெரியும். டாக்டரம்மா சொல்லப் போவதில்லை. பழி ஏற்கெனவே தீபிகா தலையில் இருக்கிறது. வைத்தது நான். அது அப்படியே கிடக்கட்டும் என்று சும்மா இருக்கலாம்.

இருந்துவிடுவேனோ என்று எனக்கே என்மேல் சந்தேகமாக இருக்கிறது. யார் யார் வீட்டையோ வேவு பார்த்தவள்.

பிப்ரவரி 26, புதன்

காலையில் வேனை எடுக்கும்முன் இவரே சொன்னார், நீயும் வா, ஐயம்பேட்டைக்குப் போயிட்டு வரலாம் என்று. ராத்திரி தூங்கவில்லை போலிருக்கிறது.

குமரன் சீருடை போட்டுத் தயாராக நின்றிருந்தான். நான் பேச ஆரம்பித்தேன். இவர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, சட்டைக் கையைத் தோள்வரைக்கும் ஏற்றிக் காட்டினார். அவரே எல்லாவற்றையும் சொன்னார். அக்கி, அரைக்கைச் சட்டை, வசந்த், முன் சீட்டு. நான் ஊசியைப் பற்றிச் சொன்னேன்.

அம்சவேணி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. குமரனைக் கையைப் பிடித்துத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

"வேர்க்குருன்னு சொன்னாங்களே" என்றாள்.

"அம்மைதாம்மா. எங்களுக்குத் தெரியும்" என்றேன்.

சென்னையில் குமரனைப் பார்க்கும் டாக்டருக்கு அங்கேயே போன் செய்தாள். உடனே கிளம்பி வரச் சொன்னார்கள். நாங்களே வேனில் கொண்டுபோய் விடுகிறோம் என்றார் இவர். அவள் வேனைப் பார்த்தாள். இவரைப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டாள்.

இவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். சட்டைக் கையை இறக்கிவிடக்கூடத் தோன்றவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் நானே எழுதிப் போட்டேன். பள்ளியில் அம்மை இருக்கிறது. வேனில் வந்த பிள்ளைகள் எல்லோரும் கவனமாகப் பார்க்க வேண்டும். வேன் ஓட்டும் என் கணவருக்கு அக்கி இருந்தது, அதிலிருந்து வந்திருக்கலாம். வசந்த் வீட்டிலிருந்து வரவில்லை. தீபிகாவை நான் குற்றம் சொன்னது தவறு.

கைலாசம் சார் போனில் பேசியதை எழுத விருப்பமில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

நகராட்சியிலிருந்து சுகாதார ஆய்வாளர் வந்தார். கொப்புளம் கண்ட பிள்ளை, பொருக்கு எல்லாம் காய்ந்த பிறகுதான் வர வேண்டும். மற்ற பிள்ளைகளைத் தினமும் வாசலிலேயே பார்த்து உள்ளே விட வேண்டும். மாசமாக இருக்கும் அம்மாக்களுக்கும் கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். சார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆய்வாளர் போனதும் என்னைப் பார்த்தார். மே மாதத்துக்குப் பிறகு நான் இங்கே இருப்பேன் என்று தோன்றவில்லை.

வேனில் இன்று யாரும் ஏறவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

அம்சவேணி போனை எடுப்பதில்லை. குமரனுக்கு ஊசி போட்டாயிற்று என்று யு.கே.ஜி. மிஸ்ஸிடம் சொன்னாளாம்.

மார்ச் 8, சனி

குமரனுக்குக் கொப்புளம் கண்டுவிட்டது. சென்னையில் சேர்த்திருக்கிறார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

காமாட்சி கோயிலுக்குப் போகலாம் என்றார் இவர். போனோம். வெளியே வந்ததும், உள்ளே என்ன வேண்டிக்கொண்டேன் என்று எனக்கு நினைவில்லை. கூட்டத்தில் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு போகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வயிற்றில் குழந்தை நன்றாக உதைக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

குமரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்! கொஞ்சம் கொப்புளங்களோடு நின்றுவிட்டதாம். நுரையீரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊசி போடாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார்களாம் டாக்டர்கள்.

இவரிடம் சொன்னேன். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

தீபிகா வீட்டுக்குப் போனேன். வசந்த் தெருவில் கோலி விளையாடிக்கொண்டிருந்தான். நெற்றியில் மட்டும் ஒரு வடு. தறியில் புருஷனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். வாட்ஸ்அப்பில் எழுதியது போதாது, நாலு பேர் முன்னால் கேட்டதற்கு நேரில் வந்து சொல்ல வேண்டும் என்று வந்தேன் என்றேன்.

"சரி மிஸ்" என்றாள். "வர்ற வருஷம் அவன வேற ஸ்கூல்ல சேக்கறோம்."

அவ்வளவுதான். உள்ளே வா என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்க வேண்டும் என்று நான் ஏன் எதிர்பார்த்தேன்?

ஏப்ரல் 11, வெள்ளி

இவர் இப்போது மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றுகிறார். வேனின் சீட்டுகளைக் கழற்றி மாடியில் வைத்திருக்கிறோம்.

மே 2, வெள்ளி

கடைசி நாள். இனி வர வேண்டாம் என்று கைலாசம் சார் வாய்விட்டுச் சொல்லவில்லை. பிரசவம் முடிந்து வரும்போது இடம் இருந்தால் பார்க்கலாம் என்றார்.

ஜூன் 1, ஞாயிறு

நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். எனக்கு ஒன்பதாம் மாதம். திறந்தால் என்ன, திறக்காவிட்டால் என்ன.

சாயங்காலம் இவருடைய போன் அடித்தது. அம்சவேணி என்று பெயர் வந்ததும் எடுக்கத் தயங்கினார். பிள்ளைக்கு மறுபடி ஏதாவதோ என்று எனக்கும் பயம். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

குமரன் ஒன்றாம் வகுப்புப் போகிறான், வேன் வேண்டும் என்றாள். ஊரில் மற்றவர்களெல்லாம் சேர்ந்து வேறு ஆட்டோ பேசியிருக்கிறார்களே என்றார் இவர்.

"அந்த ஆட்டோக்காரருக்கு என்ன இருக்குது, ஏறுற புள்ளைங்களுக்கு என்ன இருக்குதுன்னு எனக்கு யாருண்ணா சொல்லுவாங்க?" என்றாள். "உங்க வேன்ல எதுனா இருந்தா நீங்க வந்து சொல்லிடுவீங்க. அனுப்புறேன். காலைல வந்துடுங்க."

இவர் சரிம்மா என்றார். போனை வைத்ததும் மாடிப்படி ஏறினார்.

ஜூன் 2, திங்கள்

நேற்றே சீட்டுகளை மாடியிலிருந்து இறக்கித் துடைத்து மாட்டிவிட்டார். காலையில் குளித்து, அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் வாசலில் நின்று பார்த்தேன். பெரிய வேன். ஐயம்பேட்டையிலிருந்து ஒரே ஒரு பிள்ளை.